லோரி பாஸ்டரின் சனிக்கிழமை ஊழியம்

அலமாரி தூக்காதவன் பரலோகம் போக முடியாது என்று மனதார நம்பிய ஒரே போதகர், கிள்ளான் வட்டாரத்திலேயே எங்கள் லோரி பாஸ்டர்தான். வேதத்தில் அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால், "எழுதல லா. ஆனா ஒரு தடவ மாடிப்படில தூக்கிப் பாரு, ஜெபம் தானா வரும்" என்பார்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. அது அவருடைய அடையாள அட்டையிலும் சபையின் அறிவிப்புப் பலகையிலும் மட்டுமே புழங்கியது. ஊழியத்துக்கு வருவதற்கு முன் மேசை, அலமாரி விற்கும் ஒரு தளவாடக் கடையில் லோரி ஓட்டியவர் அவர். இறையியல் படித்து, அங்கி போட்டு, போதகரான பிறகும் லோரியை விடவில்லை. முதலாளி விற்கப் பார்த்த பழைய லோரியைத் தானே வாங்கிக்கொண்டார். கார் வாங்கலாமே என்று கமிட்டி கேட்டபோது, "கார் எதுக்கு? அதுல பிரிட்ஜ் ஏறாது" என்றார். போதகருக்கு எதற்கு பிரிட்ஜ் ஏற்ற வேண்டும் என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கல்யாண வீடு, சாவு வீடு, ஆஸ்பத்திரி, போதகர்கள் கூட்டம், எல்லாவற்றுக்கும் லோரிதான். பாஸ்டரம்மா பட்டுப்புடவையோடு முன் சீட்டிலிருந்து இறங்குவதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கூடவே வரும். ஒருமுறை பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணம். மண்டபத்துக் காவலாளி லோரியைப் பார்த்ததும், நாற்காலி இறக்க வந்தவர்கள் என்று நினைத்துப் பின்வாசலைக் காட்டிவிட்டார். பாஸ்டர் மறுபேச்சு பேசாமல் பின்வாசலுக்குப் போனார். அங்கே உண்மையிலேயே நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு கை கொடுத்து முடித்துவிட்டுத்தான் மணமக்களை ஆசீர்வதிக்க மேடையேறினார். கல்யாண வீடியோவில் அவர் கையை உயர்த்தும்போதெல்லாம் சட்டையில் ஒரு பெரிய கறையும் சேர்ந்து ஆசீர்வதிக்கிறது.

நான் அந்தச் சபையில் கீபோர்டு வாசித்தேன். ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆராதனை மண்டபம். கீழே சக்கரம் கழற்றும் மெஷின் அலறினால் பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்த மாட்டார். "கீழ ஆமென் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டுத் தொடர்வார்.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம் முடிந்து மண்டபத்தைத் திறந்தபோது, பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. சிலர் வேறு ஊர் போயிருந்தார்கள். சிலருக்கு வீட்டிலேயே கைத்தொலைபேசியில் ஆராதனை பார்த்துப் பழகிவிட்டது. பலருக்கு வேலை போயிருந்தது. காணிக்கைப் பை கைமாறிக் கைமாறி வரும்போது, போனதைப் போலவே இலேசாகத் திரும்பி வந்தது.

கமிட்டி கூடியது. பாடகர் குழு சார்பில் நானும் போயிருந்தேன். பொருளாளர் தேவராஜ் அங்கிள் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை, அளந்த பேச்சு. செலவு என்ற சொல்லைக் கேட்டாலே அவர் வாயிலிருந்து ஒரே சொல்தான் வரும். அதனால் இளைஞர்கள் அவருக்குக் 'கட்' தேவராஜ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஏர்கோன் கட்" என்று ஆரம்பித்தார். "ஞாயிறு பள்ளி பிஸ்கட், கட். ஆராதனை முடிஞ்சு சாப்பிடக் குடுக்கிற மீஹூன், கட்."

ஏர்கோனுக்கு வராத முனகல் மீஹூனுக்கு வந்தது.

தேவராஜ் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொண்ணும் சொல்லணும் பாஸ்டர். இதையெல்லாம் செஞ்சாலும் இந்த வருஷக் கடைசி வரைக்கும்தான் தாங்கும். அதுக்கப்புறம் மூடிட்டு ஏதாவது பெரிய சபையோட சேர்ந்துடலாம். அதுல கேவலம் ஒண்ணும் இல்ல."

எல்லோரும் பாஸ்டரைப் பார்த்தோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எல்லாத்தையும் கட் பண்ணுங்க அங்கிள். என் சம்பளத்துலயும் பாதிய கட் பண்ணுங்க. ஆனா ஒண்ணு மட்டும் புதுசா சேர்க்கணும்."

"என்ன சேர்க்கணும்?"

"லோரி ஊழியம்."

தேவராஜ் அங்கிளுக்கு இருமல் வந்துவிட்டது. பாஸ்டர் பொறுமையாக விளக்கினார். "வேலை போனவங்க வாடகை கட்ட முடியாம சின்ன வீட்டுக்குப் போறாங்க. லோரிக்குக் குடுக்கக் காசு இல்ல. மெத்தை, மேசை எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டுப் போறாங்க. நம்மகிட்டயும் காசு இல்ல. ஆனா லோரி இருக்கு, முதுகு இருக்கு. சனிக்கிழமை சும்மாதானே இருக்கோம்."

"நாமளே மூட்டை கட்டுற நிலைமைல இருக்கோம் பாஸ்டர். ஊர் மூட்டைய ஏன் தூக்கணும்?"

"அப்பத்தானே நல்லா கட்டக் கத்துக்குவோம்."

"டீசலுக்கு?"

"என் சம்பளத்துல எடுத்துக்குங்க."

"அதத்தான் கட் பண்ணியாச்சே."

"மிச்சம் பாதி இருக்குல்ல?"

இப்படித்தான் ஒரு மூடப்போகிற சபை புதிதாக ஓர் ஊழியத்தைத் திறந்தது.

ஆள் வேண்டுமே. சனிக்கிழமை வருகிறவர்கள் பாடகர் குழு மட்டும்தான், பாட்டுப் பயிற்சிக்கு. பாஸ்டர் எங்களை அப்படியே காப்பாரில் ஒரு வீட்டுக்கு வரச் சொன்னார். ஸ்டீபன் என்ற எங்கள் அடிக்குரல் பாடகர், ஆறடி ஆள், "பயிற்சி எப்ப பாஸ்டர்?" என்று கேட்டார். "சலவை மெஷினத் தூக்கிட்டே பாடு. மூச்சு எங்க விடணும்னு தெரியும்" என்றார் பாஸ்டர்.

காப்பார் வீட்டில், ஹோட்டல் வேலை போன ஒரு மனிதர், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அந்த மனிதர் காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. யார் முகத்தையும் பார்க்கவுமில்லை. சாப்பாட்டு மேசையைத் தூக்கி வந்தோம். அது வாசலில் வந்து சிக்கிக்கொண்டது. பாதி உள்ளே, பாதி வெளியே. குடும்பம் உள்பக்கம், நாங்கள் வெளிப்பக்கம். இழுத்தோம், தள்ளினோம், சாய்த்தோம், அசையவில்லை. ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

பாஸ்டர் லோரிக்குப் போய் நாசி லெமாக் பொட்டலங்களை எடுத்து வந்தார். அந்த மேசை மேலேயே வைத்துப் பிரித்தார். "பசிச்சா மேசை நகராது. சாப்பிடுங்க" என்றார். அவர்கள் உள்ளே நின்று சாப்பிட்டார்கள், நாங்கள் வெளியே நின்று சாப்பிட்டோம். அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா சத்தம் கேட்டு வந்து பார்த்துவிட்டு, ஒரு தட்டு நிறைய வாழைப்பழப் பொரியல் கொண்டுவந்து அதே மேசையில் வைத்தார். சாப்பிட்டு முடித்த பாஸ்டர் குனிந்து, மேசைக் கால்களைத் திருகிக் கழற்ற ஆரம்பித்தார்.

"கால் கழலும்னு முன்னாடியே தெரியுமா பாஸ்டர்?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? எத்தன வருஷம் இந்த வேலை பார்த்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்நேரம் அவரு இந்த வீட்டை விட்டு அழுதுட்டே போயிருப்பாரு" என்றார். திரும்பிப் பார்த்தேன். அந்த மனிதர் ஸ்டீபனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு சனிக்கிழமை, செந்தூலில் ஒரு ஃபிளாட். லிப்ட் வேலை செய்யவில்லை. அங்கே தனியாக இருந்த மல்லிகா அக்கா சாப்பாட்டுக் கடை வைத்து மூடியவர். யாரோ சொல்லி எங்களுக்குப் போன் செய்திருந்தார். எல்லாம் இறக்கியாகிவிட்டது, சாமி மேடை மட்டும் பாக்கி. எங்களில் ஒருவர் தயங்கி நின்று, "பாஸ்டர், இதையும் நாம தூக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பாஸ்டர் செருப்பைக் கழற்றினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "அக்கா, இத எப்படிப் பிடிக்கணும், நீங்க சொல்லுங்க" என்றார்.

மல்லிகா அக்கா படங்களைத் தன் முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டார். மேடையைப் பாஸ்டரும் ஸ்டீபனும் தூக்கினார்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அக்கா, "பார்த்து, பார்த்து" என்பார். பாஸ்டர், "பார்த்துட்டுத்தான் இருக்கேன்கா" என்பார். கீழே வந்ததும் அக்கா கேட்டார்: "நீங்க பாதிரியாரா, லோரி டிரைவரா?"

"சனிக்கிழமை டிரைவர்."

மல்லிகா அக்கா எங்கள் சபைக்கு வரவில்லை. பாஸ்டரும் கூப்பிடவில்லை. ஆனால் மறு மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிகிற நேரத்துக்குப் பெரிய பாத்திரத்தில் மீஹூன் வந்து இறங்கியது. தேவராஜ் அங்கிள் அதைக் கட் செய்யவில்லை. இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து அவர் பாஸ்டரிடம், பேச்சோடு பேச்சாக, "அந்தச் சாமான் கட்டுற அட்டைப் பெட்டியெல்லாம் எங்க வாங்குறீங்க?" என்று கேட்டிருக்கிறார். பாஸ்டர் கடையின் பெயரைச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அடுத்து நடந்ததைத் தேவராஜ் அங்கிளே ஒரு ஞாயிறு மைக் முன்னால் நின்று சொன்னதால்தான் எங்களுக்குத் தெரியும்.

அவர் மகனின் வியாபாரம் படுத்துவிட்டது. மகனைக் காப்பாற்றத் தன் வீட்டை விற்றார். யாரிடமும் மூச்சு விடவில்லை. வீடு மாறுகிற அன்று, ஒரு வேலை நாள் காலையில், வாசலில் லோரி வந்து நின்றது. எந்த நாள் என்று அட்டைப் பெட்டிக் கடையில் விசாரித்து வைத்திருந்தார் பாஸ்டர். லோரியின் பக்கவாட்டில் 'கர்த்தர் நல்லவர்' என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்தத் தெருவில் யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று பாஸ்டர் அதன் மேல் கித்தான் போட்டு மூடியிருந்தார். பாடகர் குழுவைக் கூப்பிடவில்லை. டயர் கடையிலிருந்து இரண்டு நேப்பாளத் தொழிலாளர்களை மட்டும் கூட்டி வந்திருந்தார். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, ஊர் வம்பும் தெரியாது.

சாமான் ஏற்றியாயிற்று. நேப்பாளிகள் மோட்டார் சைக்கிளில் பின்னால் வர, லோரி புது ஃபிளாட் வாசலுக்கு வந்தது. தேவராஜ் அங்கிளால் இறங்க முடியவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, எங்கள் ஆன்டி.

பாஸ்டர், "இப்பவே இறங்கணும்னு சட்டமா? வாங்க, மீன் பார்த்துட்டு வரலாம்" என்று வண்டியைத் திருப்பிவிட்டார். பீரோ, கட்டில், பிரிட்ஜ், நேப்பாளிகள், எல்லோருமாகக் கடலோரம் மீன் இறங்குகிற இடத்துக்குப் போனார்கள். அங்கே தே தாரிக் குடித்தார்கள். பாஸ்டர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு வசனம் சொல்லவில்லை. நண்டு விலையைப் பற்றிக் கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வெயில் தணிந்த பிறகு தேவராஜ் அங்கிள் தானாக எழுந்து, "போலாம் பாஸ்டர். சாமானெல்லாம் வெயில்ல காயுது" என்றார்.

இதைச் சொன்னவர் மைக்கை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு, "லோரிச் செலவு இந்த மாசம் ஏறியிருக்கு. அதப் பத்தி கமிட்டில யாரும் பேச வேணாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவர்தான் லோரிக்குக் கெலிண்டான், டிரைவருக்கு உதவியாள். பின்னால் நின்று, "ரிவர்ஸ், ரிவர்ஸ், கட்" என்று கை காட்டுவார். அந்தச் சொல்லுக்குக் கடைசியில் ஒரு நல்ல வேலை கிடைத்தது.

வருஷக் கடைசி வந்தது, போனது. சபை மூடவில்லை. கூட்டம் பழையபடி ஆகவுமில்லை. வாடகை மண்டபத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியில் நெருங்கி உட்கார்ந்தோம். நெருங்கி உட்கார்ந்ததில் பாட்டு முன்னைவிட நன்றாகக் கேட்டது. காப்பார் மனிதர் பின் வரிசையில் உட்காருகிறார். சனிக்கிழமை ஸ்டீபனுக்கு எதிர்ப்பக்கம் பிடிக்க இப்போது அவர்தான்.

சென்ற மாதம் நானும் கணவரும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கொண்டோவுக்கு மாறினோம். பாஸ்டருக்கும் வயதாகிறது, தொந்தரவு வேண்டாம் என்று ஒரு கம்பெனியை அமர்த்தினோம். சீருடையில் வந்தார்கள், எல்லாவற்றையும் பஞ்சுத்தாளில் சுற்றினார்கள், ஒரு கீறல் இல்லாமல் அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் பாடவில்லை.

இரண்டு நாளில் லோரி பாஸ்டர் வந்து நின்றார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "யாரக் கேட்டு வீடு மாறின?" என்றார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பிரிட்ஜ் மேல் கை வைத்து ஜெபித்தார். தூக்குவதற்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஒவ்வோர் அறையாகத் தேடினார். எதுவும் இல்லை. கடைசியில் கூடத்துக்கு வந்து, சோபாவைத் தனியாளாகப் பிடித்து இழுத்து, பால்கனிக் கதவுக்கு நேர் குறுக்கே போட்டார். "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்றார். பிறகுதான் தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

துணி காயப் போட நாங்கள் இப்போது அந்தச் சோபாவின் மேல் ஏறித்தான் பால்கனிக்குப் போகிறோம். நகர்த்திவிடலாமா என்று கணவர் ஒருநாள் கேட்டார். வேண்டாம் என்றேன்.