பரிசாரியின் தேத்தண்ணி

நுரைச்சோலையில் மூன்று வாரமாக ஒரே பேச்சு, நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரி முத்தலிபு, யெமன் நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லும் யெமன் காய். சட்டித் தண்ணீரில் நோயாளியின் பெயரைச் சொல்லிக் காயைப் போடுவார். ‘டக்’கென்று வெடித்தால் சூனியம் உடைந்தது. வெடிக்காத காயே இல்லை. இத்தனை சூனியம் செய்ய இந்த ஊரில் யாருக்கு நேரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்கும் நேரமில்லை, வரிசையில் நிற்க வேண்டுமே.

ஹவ்வாவும் நின்றாள். கணவன் உசனாருக்குச் சீனி வியாதி, காலில் ஆறாத புண். முன்பு ஆவாரம்பூ அவித்துக் குடித்தாலும் கிளினிக்குக்கும் தவறாமல் போனவர். பரிசாரியோ, ஒன்பது காய் வெடிக்கும்வரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக்கூடாது என்றுவிட்டார். ஐந்து காய் வெடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கோழி ஹவ்வாவின் கூட்டைவிட்டுப் பரிசாரி வீட்டுக்குப் போனது. புண் கறுத்துக்கொண்டே வந்தது. காலையே எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறாவது காய்க்கு முதல்நாள், ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேலியோரம் போனாள். தூறல் விழுந்தது. காலடியில் டக், டக், டக். ஊதாப் பூப் பூக்கும் காட்டுச்செடியின் காய்ந்த காய்கள். சின்ன வயதில் எச்சில் தொட்டு வெடிக்கவைத்து விளையாடியவைதான். பரிசாரி மஞ்சள் பூசிக் காட்டியதும் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் கூட்டம் பார்த்திருக்க, பரிசாரி குடிக்க வைத்திருந்த தேத்தண்ணிக் கோப்பைக்குள், வேலியோரத்தில் பொறுக்கிய நாலு காயைப் போட்டாள். பெயர் சொல்லவில்லை, ஒன்றும் முணுமுணுக்கவில்லை. சற்று நேரத்தில் டக், டக். பரிசாரியின் வெள்ளைச் சட்டையெல்லாம் தேத்தண்ணி.

“பரிசாரியார், உங்கட தேத்தண்ணிக்கும் ஆரோ சூனியம் செஞ்சிருக்காங்க,” என்றாள் ஹவ்வா.

யாரோ அவருடைய டப்பாவைத் திறந்து ஒரு காயின் மஞ்சளைத் துடைத்துப் பார்த்தார்கள். அதே வேலியோரக் காய். சட்டை மாற்றி வருவதாக உள்ளே போன பரிசாரி, பின்வாசலால் யெமனுக்கே போயிருக்க வேண்டும். ஆளைக் காணவில்லை.

ஹவ்வா உசனாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோவில் ஏற்றும்போது, பரிசாரி வீட்டு வரிசையில் நின்ற சாரா உம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அந்தாள் போனாப் போகட்டும் புள்ள. உன்ட காய் அதைவிட நல்லா வெடிக்குது. எனக்கும் ஒண்டு போட்டுப் பாரன்.”

ஹவ்வா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“காய்க்குத் தண்ணி பட்டாலே திறந்திருது, சாராத்தா. நம்மட தலைக்கு என்னத்த ஊத்தினாத் திறக்கும்?”