சீசரின் வாலும் என் சவுரியும்

பயந்துபோன மனுஷிக்கு யோசனை மட்டும் வரவே கூடாது. எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான புதிதில், எனக்கு ஒரு யோசனை வந்தது.

மாமனார் காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை வியாபாரி. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தாலே போதும். அவர் சிரித்துப் பேசிய ஒரே ஜீவன் சீசர், அல்சேஷன் ஜாதி ஆண் நாய். மெட்ராஸ் நாய்க் கண்காட்சியில் முந்தின வருஷம் அதற்கு இரண்டாம் பரிசு. இந்த வருஷம் முதல் பரிசு என்று மாமனார் முடிவே செய்திருந்தார். சீசரைக் குளிப்பாட்டும் பொறுப்பு புது மருமகளிடம் வந்து சேர்ந்தது. (எனக்குத் தெரிந்த குளியல் ஒன்றுதான். அதற்கும் சீயக்காய் தேய்த்தேன்.)

கண்காட்சிக்கு முந்தின நாள் துவட்டும்போதுதான் பார்த்தேன். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மேல்பக்கம், ஒரு ரூபாய் அகலத்துக்கு முடியே இல்லை. தோல் எண்ணெய்ப் பிசுக்கோடு பளபளத்தது. துண்டில் இன்னும் கொஞ்சம் முடி வந்தது. என் சீயக்காய்தான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மாமனாருக்குத் தெரிந்தால் அம்மா வீட்டுக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

கணவரிடம் காட்டினேன். வாலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் அந்த யோசனை. பெண் பார்க்க வந்த மாமியார் மயங்கியதே என் நீளப் பின்னலில்தான். அதில் பாதிக்கு மேல் சவுரி, கடையில் வாங்கிய ஒட்டுமுடி. இது கணவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். சவுரியின் நுனியை வெட்டி, புடவைப் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் கோந்தைத் தடவி, கொத்துக் கொத்தாக வாலில் ஒட்டினேன். கறுப்பு கறுப்போடு சேர்ந்துகொண்டது. பழைய வாலைவிட அழகு என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் வாடகைக் காரில் எல்லோரும் போனோம். சீசர் மாமனார் மடியில் பாதி, சீட்டில் பாதி. அவர் கை அதன் முதுகைத் தாண்டும்போதெல்லாம் "மாமா, அதோ ஏரி", "மாமா, அதோ கோபுரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மருமகள் ஊரே பார்க்காதவள் என்று நினைத்திருப்பார்.

மைதானத்தில் கொளுத்தும் வெயில். கோந்து இளகுமே என்று எனக்கு வியர்த்தது. கயிற்றுக்கு உள்ளே மாமனார் சீசரோடு நிமிர்ந்து நின்றார். நடுவர் பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார், முதுகில் கை வைத்து மெதுவாகப் பின்னால் நகர்த்தினார். வால் அடிக்கு வந்ததும் கை நின்றது. கையை எடுத்தார். விரல்களோடு ஒரு கொத்தும் வந்தது. உதறினார், விழவில்லை. (நல்ல கோந்து.)

"இது நாய் முடி இல்லையே" என்றார். அவர் மாமனாரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, திருட்டுச் சரக்கு விற்க வந்தவரைப் பார்ப்பது போல. மாமனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தலை குனிவதைப் பார்த்தேன். என் கால் தானாகக் கயிற்றைத் தாண்டியது.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அது என் சவுரி."

நடுவர் மேஜை மேலிருந்த மைக் இதை மைதானம் முழுக்கச் சொன்னது.

நடுவர் ஈரத் துணியால் கோந்தைத் துடைத்துவிட்டு விளக்கினார். ஆண் நாய்களுக்கு வாலில் அந்த இடத்தில் எண்ணெய் சுரக்கும் சுரப்பி இருக்கிறதாம். சிலவற்றுக்கு அது பெருத்து முடி கொட்டுமாம். சீயக்காய் மேல் குற்றமே இல்லை. அப்படியே கொண்டுவந்திருந்தால் கொஞ்சம் மார்க்குதான் குறைந்திருக்கும். ஒட்டிக் கொண்டுவந்ததால் போட்டியிலேயே இடமில்லை.

அதே காரில் திரும்பினோம். மாமியார் என் பின்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்ரீபெரும்புதூரில் காப்பிக்கு நிறுத்தினோம். மாமனார் டம்ளரை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா உன் சவுரி யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஏம்மா வந்தே?"

"உங்களைத் திருடன்னு நினைச்சிடுவாங்களேன்னுதான், மாமா."

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு மாமியாரிடம், "பொண்ணு பாக்கப் போனியே, அந்த ஆளு மாதிரி இழுத்துப் பாத்தியா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், கார் கிளம்பியும் நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் பெண் பார்க்கப் புறப்பட்டாலும், "நடுவரைக் கூப்பிட்டுக்கினீங்களா?" என்று ஒருவர் கேட்டே தீருவார். என் மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது மாமனாருக்கு நடை தளர்ந்திருந்தது, காரிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் இறங்கும்போது கையைப் பிடித்துச் சொன்னார்:

"பின்னல மட்டும் தொட்டுப் பாக்காத. நல்ல பொண்ணா இருந்தா அவளே சொல்லிடுவா."