குளித்துவிட்டு வந்த நாய்

நாய் மறுபடியும் கதவைப் பார்த்து அழுதது.

"வாய மூடு! உன்னை இங்க யாரு அடிச்சா, யாரு உதைச்சா?" என்று எகிறினார் பூட்டுக்காரர்.

மகள் வேலையாக வெளியூர் போகும்போது நாயை அப்பாவிடம் விட்டுப் போயிருந்தாள். "பட்டன் ரொம்ப சாதுப்பா. இடி விழுந்தாலும் தூங்குவான். இன்னிக்கே முடி மட்டும் வெட்டிட்டு வந்துடுங்க." அவரும் அன்றே நாய் குளிப்பாட்டும் கடையில் விட்டு, சாயங்காலம் இழுத்துக்கொண்டு வந்தார். ஒட்ட வெட்டியதில் பாதி நாய்தான் மிச்சம் இருந்தது. அன்று பிடித்தது சனி.

மூன்று நாளாக ஒரே நடுக்கம். பட்டன் என்று தொண்டை வறளக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

"நம்மள முன்னபின்ன பாக்காத மாதிரி முழிக்குதுங்க" என்றாள் மனைவி.

"பின்ன? அந்தக் கடைக்காரி கண்ட சோப்பையும் தேய்ச்சு மூளையக் கலக்கிட்டா. நாம குடுத்தது நல்ல நாய். அவ திருப்பித் தந்தது நட்டு கழண்ட நாய்!"

துணைக்கு இருக்கட்டும் என்று ரேடியோவைப் போட்டார். நாய் கூடச் சேர்ந்து ஊளையிட்டது. மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"ரெண்டுல ஒண்ணையாவது நிறுத்துங்க சார்."

போர்வையைப் போர்த்திப் பார்த்தார். அதைக் கிழித்து, மெத்தையில் பள்ளம் தோண்டி, பஞ்சுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டது.

சரி, கண்ணெதிரே கிடக்கட்டும் என்று பூட்டுக் கடைக்குத் தூக்கிப் போனார். மேசைக்கடியில் ஒருவழியாகத் தூங்கியது. அதுவும் தூக்கமா? படுத்தபடியே நாலு காலும் ஓடின. உதடு துடித்தது. வாயைத் திறக்காமலே குரைத்தது. வலிப்பு என்று பயந்துபோய் உலுக்கினார். நாய் துள்ள, மேசை சாய, ரிப்பேருக்கு வந்த நாற்பது பூட்டும் சாவியும் ஒன்றாய்க் கலந்து தரையில் கொட்டின.

"என் பீரோ சாவி இதுல எது?" என்றாள் காத்திருந்த அம்மாள்.

"நாயைக் கேளுங்க!"

அந்த நேரம் பார்த்து மகளின் போன். "நாளைக்குக் காலையில வந்துடுவேன்பா. பட்டன் எப்படி இருக்கான்?"

"இருக்கு... நல்லா இருக்கு" என்றார். ஒரு பொருளும் உருப்படியாய் வைத்திருக்கமாட்டார் என்று பெயரெடுத்த மனிதர். மகள் அவரை நம்பி ஒப்படைத்ததே இது ஒன்றுதான்.

வந்த கோபத்தில் கடையை அப்படியே போட்டுவிட்டு, நாயை இடுக்கிக்கொண்டு குளிப்பாட்டும் கடைக்குப் போனார். படி ஏறியதும் நாய் கையிலிருந்து திமிறி உள்ளே பாய்ந்தது. அங்கே துண்டு உலர்த்திக்கொண்டிருந்தவளின் காலைச் சுற்றிச் சுற்றி வாலை ஆட்டியது.

"பாரு, பாரு! கெடுத்த கையையே நக்குது!" என்று கத்தினார். "எம் மக நாயைப் பைத்தியமாக்கி வச்சிருக்கீங்க. எனக்கு அந்தப் பழைய நாய்தான் வேணும். இப்பவே வேணும்!"

துண்டுக்காரி நிதானமாகச் சொன்னாள்: "தாராளமா கூட்டிட்டுப் போங்க பெரியவரே, அது உள்ளதான் மூணு நாளா தூங்குது, நீங்க வாசல்ல இருந்து அவுத்துட்டுப் போன இது எங்க முதலாளியம்மா நாய், சொல்லலாம்னு நீங்க எழுதிக் குடுத்த நம்பருக்குப் போன் போட்டா, தெனமும் எவனோ ஒரு மீன்கடைக்காரன் எடுத்துத் திட்டுறான்."