ஆளைப் பார்த்ததும் எண் போடுகிறவர்

மனித இனத்தில் ஒரு புதிய ரகம் தோன்றியிருக்கிறது. சென்னையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் காலையில் நுழைந்து மாலையில் வெளியேறும் பெருங்கூட்டத்தில் கலந்திருப்பதால், சட்டென்று அடையாளம் தெரியாது. கழுத்தில் தொங்கும் அட்டையை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். அது அங்கே எல்லார் கழுத்திலும் தொங்குகிறது. அவர் எதிரில் நின்று லேசாகத் தும்மிப் பாருங்கள். நம் வீடுகளில் தும்மினால் ‘நூறு’ என்று வாழ்த்துவார்கள் அல்லவா? அவர் வேறு ஒரு எண்ணைச் சொல்வார்.

அவர்தான் மெடிக்கல் கோடர். அமெரிக்காவில் யாருக்கோ வயிறு வலித்தால் அங்குள்ள டாக்டர் குறிப்பு எழுதுவார். அதை இங்கே உட்கார்ந்து படித்து, அந்த வலிக்குரிய எண்ணை இவர் போட வேண்டும். அதன் பிறகுதான் இன்சூரன்ஸ்காரன் பையைத் திறப்பான். மாடு முட்டினால் ஓர் எண், அதே மாடு கடித்தால் வேறோர் எண். கௌரவமான வேலை, கண்ணைக் கெடுக்கும் வேலை. அதில் எனக்குக் கேலி ஒன்றும் கிடையாது. அந்த வேலையைச் செருப்போடு சேர்த்து வாசலில் விடாமல் வீட்டுக்குள் கொண்டுவருகிறார் பாருங்கள், அங்கேதான் என் வம்பு தொடங்குகிறது.

பூந்தமல்லி ஜுல்ஃபிகரை எடுத்துக்கொள்வோம். மனநலக் குறிப்புகளில் கெட்டிக்காரர். ஆகவே தெருவில் நடக்கும்போது அவர் கண்ணுக்கு மனிதர்கள் தெரிவதில்லை, நோய்கள்தான் தெரிகின்றன. டீ மாஸ்டர் பேசாமல் ஆற்றினால் மனச்சோர்வு. மெட்ரோ வேலைக்குப் பள்ளம் தோண்டிக் கடை வாசலை மறைத்துவிட்டார்கள் என்று கடைக்காரர் ஜம்புலிங்கம் புலம்பினால், சூழலோடு ஒத்துப்போகாத கோளாறு. தன் தங்கை கல்யாணத்தில் குத்தாட்டம் போட்ட நண்பன் லோகேஷுக்குக்கூட ஓர் எண்ணைப் போட்டுவிட்டார். லோகேஷ் அசரவில்லை. “இன்னா நம்பர் வேணா போடு மாமே, டீக்குக் காசு மட்டும் நீ குடுத்துரு” என்றானாம்.

இத்தனைக்கும் ஆபீசில் அவர் வேறு மனிதர். கோடர்களுக்கு அங்கே ஒரே வேதம்தான்: ஊகிக்கக் கூடாது. டாக்டரின் குறிப்பில் ஒரு சொல் தெளிவில்லை என்றால் அந்த டாக்டருக்கே கேள்வி அனுப்பிப் பதில் வாங்கிய பிறகுதான் எண் போட வேண்டும். இதில் ஜுல்ஃபிகரை மிஞ்ச ஆளில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம் அவர் முதல் நாளே சொல்லிவிடுவார்: “ஊகம் பண்றவன் கோடர் இல்ல, கிளி ஜோசியக்காரன்.”

வீட்டுக்கு வந்ததும் கிளியை வெளியே எடுத்துவிடுவார்.

அவர் மனைவி ஜஹானாராவுக்கு இருமுனை மனநிலைக் கோளாறு உண்மையாகவே உண்டு. சில காலம் மனம் அளவுமீறிப் பொங்கும், சில காலம் அடியோடு சோர்ந்துவிடும்; பல வருடமாக உண்டு. மாத்திரையும் டாக்டருமாக அதைக் கட்டுக்குள் வைத்து, நன்றாகவே இருக்கிறார். மோசமான நாட்களில் ஜுல்ஃபிகர் அவரை விட்டு அகலவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம். ஆனால் அந்த நாட்கள் திரும்பிவிடுமோ என்ற பயம் இன்னும் மனிதரை விட்டுப் போகவில்லை. மனைவி சிரித்தால் செல்போனில் குறிப்பு. சிரிக்காவிட்டால் நீளமான குறிப்பு. மஞ்சள் நிறத்தில் திரைச்சீலை வாங்கினால் உடனே தன் மாமியாருக்கு போன். சும்மா ஒருநாள் சந்தோஷமாக இருக்க அந்த வீட்டில் ஜஹானாராவுக்கு உரிமை உண்டா, சொல்லுங்கள்?

இந்த நிலையில் காட்டுப்பாக்கத்தில் ஒரு மழலையர் பள்ளியில் ஜஹானாராவுக்கு வேலை கிடைத்தது. பெருநாள் கழிந்ததும் சேர வேண்டும். முன்பு ஒருமுறை மாத்திரையின் அளவைக் கூட்டியதில் காலையில் எழுந்திருக்க முடியாமல் ஒரு வேலை போயிருந்தது. இந்த வேலையும் அப்படிப் போய்விடக் கூடாதே என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அதற்குள் டாக்டர் ஹேமாவதியைப் பார்க்கும் நாள் வந்தது. வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தது ஜஹானாரா, வாயைத் திறந்தது ஜுல்ஃபிகர்.

செல்போனைப் பார்த்துக் கடகடவென்று வாசித்தார். பல நாட்களாக விடிவதற்கு வெகுமுன்பே எழுந்துவிடுகிறாள், அந்த நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்து ஒன்றுக்கு மூன்றாகச் சமைக்கிறாள், பக்கத்து வீட்டுப் பெண்களோடு சுவர் வழியாகப் பேசுகிறாள், முகத்தில் களைப்பே இல்லை, ஆகவே இது மிகையெழுச்சியின் தொடக்கம், எண்ணையும் நானே போட்டு வைத்திருக்கிறேன். டாக்டர் முகம் மாறி, மருந்துச்சீட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் ஜஹானாரா பேசினார்.

“டாக்டர், இது நோன்பு மாசம். விடியறதுக்கு முன்னாடியே சாப்ட்டு முடிக்கணும்னு அந்த நேரத்துல எங்க தெருவே முழிச்சுக்கினுதான் இருக்கும். மாத்திரை சாப்புடுறதால எனக்கு நோன்பு வேணாம்னு நீங்கதான் சொன்னீங்க. நான் எழுந்து சமைச்சது இவருக்கு.”

டாக்டர் பேனாவை மூடிவிட்டு ஜுல்ஃபிகரைப் பார்த்தார். “நீங்க சாப்டீங்களா?”

“சாப்ட்டேன் டாக்டர்.”

“எப்படி இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு” என்றார் ஜுல்ஃபிகர். குரல் பாதியாகிவிட்டது.

தூக்கம் எப்படி என்று டாக்டர் ஜஹானாராவிடமே கேட்டார். கணவர் வேலைக்குப் போனதும் அசந்து தூங்கிவிடுவதாகப் பதில் வந்தது. இன்னும் நாலைந்து கேள்விகளை நிதானமாகக் கேட்டுவிட்டு, தூக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லி, பழைய அளவையே எழுதினார். வேலை தப்பித்தது. எழுந்திருக்கும்போது ஜஹானாரா கோபமில்லாமல் ஒன்று சொன்னார்: “ஆபீஸ்ல ஒரு எழுத்து புரியலன்னா அமெரிக்கா டாக்டரையே கேள்வி கேப்பாரு. ஊட்ல கீற என்னை மட்டும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு.”

திரும்பும் வழியில், பூந்தமல்லி பஸ் நிலையத்தின் அருகே, பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த ஜஹானாரா திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார். ஜுல்ஃபிகரின் கை பழக்க தோஷத்தில் சட்டைப் பையில் இருந்த செல்போனுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. மறுபடி ஹேண்டில்பாரையே பிடித்துக்கொண்டு, “எதுக்குமா சிரிச்சே?” என்று கேட்டார்.

“கண்ணாடில உங்க மூஞ்சியைப் பாத்தேன்” என்றார் மனைவி. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

நீங்களும் சிரித்துவிட்டுக் கிளம்பப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்ததே, மாமனாரோ, மேலாளரோ, எதிர்வீட்டுக்காரரோ? ‘அந்த ஆள் அச்சு அசல் இதே ரகம்’ என்று மனதுக்குள் ஒரு முத்திரை குத்தினீர்களே? நல்லது. அதற்கு முன் அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா?