சிறுநீர்ப்பைக்கு ஒரு விளக்கவுரையாளர்

கர்ப்பிணிகளின் புருஷர்களில் எத்தனையோ ரகம் உண்டு. ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றுகொண்டே தூங்குகிறவர் ஒரு ரகம். பெண்டாட்டிக்கு வாங்கிய மாங்காயை வழியிலேயே தின்றுவிட்டு, உப்பு மிளகாய்ப் பொட்டலத்தை மட்டும் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கிறவர் இன்னொரு ரகம். இவர்களால் பெரிய கெடுதல் இல்லை. நாம் ஆராயப் போவது மூன்றாவது ரகம்: விளக்கவுரைப் புருஷர். மனைவிக்கு வலிக்கிறதா? ஏன் வலிக்கிறது என்று சொல்வார். மூச்சு முட்டுகிறதா? எத்தனை சென்டிமீட்டர் முட்டுகிறது என்று சொல்வார். ஃபேனைப் போட மாட்டார்.

காமயகவுண்டன்பட்டி விஜயபாண்டி இந்த ரகத்தில் அசல் நாற்று. திராட்சைத் தோட்டக்காரர். ஒருநாள் பந்தலுக்கு மருந்தடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தவரின் செல்போனில் கர்ப்பிணி வயிற்றுக்குள் நடப்பதைக் காட்டும் ஒரு வீடியோப் படம் வந்து விழுந்தது. பிள்ளை வளர வளர குடல் மேலே போகிறது, இரைப்பை ஒதுங்குகிறது, கல்லீரல் ஏறுகிறது, உதரவிதானம் நாலு சென்டிமீட்டர் உயர்ந்து நுரையீரலை முட்டுகிறது, இதயம்கூட இடப்பக்கம் சற்றே நகர்ந்து மரியாதையாக வழிவிடுகிறது. சிறுநீர்ப்பை மட்டும், பாவம், போக இடமில்லாமல் எல்லாவற்றுக்கும் அடியில் நசுங்குகிறது. ஒன்றரை நிமிஷப் படம். பதினொரு தடவை பார்த்தார். ஏழு மாதக் கர்ப்பிணியான அவர் மனைவி அனுஷ்காவின் வயிறு அன்றோடு அனுஷ்காவுக்குச் சொந்தமில்லாமல் போயிற்று.

“மாமா, நெஞ்செரிச்சலா இருக்கு.”

“இருக்கும். ஒன் இரைப்பை இப்ப ஒதுங்கி நிக்குது.”

“கொஞ்சம் மோர் கரைச்சுத் தாங்களேன்.”

“மோர் குடிச்சா அது திரும்பி வந்துருமா?”

அவளுக்கு ஒன்று புரியவில்லை. உள்ளே இவ்வளவு பேர் எழுந்து இடம் விடுகிறார்களே, வெளியே இந்த ஒரு மனுஷர் கட்டிலில் ஒரு ஓரமாகத் தள்ளிப் படுக்க மாட்டேன் என்கிறாரே, இது எந்தப் படத்தில் வரும்?

போன வியாழக்கிழமை தேனிக்கு ஸ்கேன் எடுக்கப் புறப்பட்டார்கள். புறப்படும் முன் விஜயபாண்டி இரண்டு பெரிய பாட்டில் தண்ணீரை நீட்டினார்.

“எதுக்கு மாமா?”

“மூணாம் மாச ஸ்கேனுக்கு ஒரு பாட்டில் குடிச்சுட்டு வரச் சொன்னாகல்ல? இது ஏழாம் மாசம். நாயமா ரெண்டேகால் பாட்டில் வரும். நான் கொறைச்சுத்தான் தந்திருக்கேன்.”

குடித்தாள். கம்பத்தில் அவர்கள் ஏறியது சின்னமனூரை விட்டால் தேனியில்தான் நிற்கிற வண்டி. சின்னமனூர் வரைக்கும் அனுஷ்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டி சின்னமனூரை விட்டுக் கிளம்பிய இரண்டாவது நிமிஷம் தெரிந்தது.

“மாமா, வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க. முடியல.”

“முடியாதுதான். ஏன் முடியலங்கிறேன், கேளு.”

முன் சீட்டிலிருந்து உத்தமபாளையத்து அரிசி வியாபாரி சம்சுதீன் திரும்பினார். “என்ன தம்பி, பாப்பாவுக்கு என்ன செய்யுது?”

நல்ல மனுஷர், அக்கறையில்தான் கேட்டார். ஆனால் விளக்கவுரைப் புருஷரிடம் கேட்கலாமா? விஜயபாண்டி எழுந்து நின்றார். பக்கத்து சீட்டில் காய்க்காரி ராக்கம்மாள் மடியில் வைத்திருந்த முருங்கைக்காய்க் கூடையைத் தூக்கினார்.

“இது பிள்ளைன்னு வச்சுக்கங்க பாய்.”

“ஏப்பா, அது சந்தைக்குப் போற காயி!” என்றாள் ராக்கம்மாள்.

“இருங்கக்கா. இந்தத் துணிப்பை இரைப்பை. இந்தா, ஒங்க தண்ணிப் பாட்டில் இருக்கே, இதான் சிறுநீர்ப்பை. இப்பக் கூடை மேல உக்காருது. என்னாகும்?”

அழுத்திக் காட்டினார். மூடி சரியாகத் திருகாத பாட்டில் சளசளவென்று பாய் வேட்டியில் கொட்டியது. அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்ட அனுஷ்கா முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

“அந்தப் பிள்ள மொகத்தப் பாருப்பா மொதல்ல!” என்று ராக்கம்மாள் கத்தினாள்.

“மொகத்துக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. கல்லீரலுக்கு இன்னும் நான் வரவே இல்ல.”

பாய் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, “அப்ப மண்ணீரல் எங்கன போகும்?” என்று கேட்டுத் தொலைத்தார்.

இனி யார் வாய் திறந்தாலும் இந்த வண்டி நிற்கப் போவதில்லை என்று அனுஷ்காவுக்குத் தெரிந்துபோயிற்று. எழுந்தாள். ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரின் கழுத்துக் கயிற்றில் தொங்கிய விசிலை எட்டிப் பிடித்து, அவர் தலையும் கூடவே குனிந்து வர, வாயில் வைத்து ஊதினாள். நாலு சென்டிமீட்டர் முட்டப்பட்ட நுரையீரலிலிருந்து அப்படியொரு விசில் வரும் என்று எந்தப் படத்திலும் போடவில்லை.

வண்டி ஒரு தென்னந்தோப்பை ஒட்டி நின்றது. ராக்கம்மாள் கூடையைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, முந்தானையை விரித்து மறைவு கட்டினாள். வண்டி ஏன் நின்றது என்று விஜயபாண்டி டிரைவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

தேனியில் அனுஷ்கா வழியில் பட்ட பாட்டைச் சொன்னதும், நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏழாம் மாசத்துக்குத் தண்ணி குடிச்சு அடக்கிட்டு வரணும்னு யாரு சொன்னது?”

விஜயபாண்டி அங்கே சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை வெகு கவனமாகப் படித்தார்.

திரும்புகிற வண்டி வீரபாண்டி ஊரைத் தாண்டியது. விஜயபாண்டி மெதுவாக, “மோர் வேணுமா?” என்றார்.

“வேணும். வீட்டுக்குப் போனதும் கரைச்சுட்டு வாங்க. எதுக்குக் குடிக்கிறேன்னு மட்டும் சொல்லாதீங்க.”

ரொம்பத்தான் சிரிக்காதீர்கள், வாசகரே. அனுஷ்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு தவித்த நேரத்தில், மண்ணீரல் எங்கே போகும் என்று உங்களுக்கும் ஒரு சந்தேகம் வந்ததா இல்லையா? இதயம் இடப்பக்கம் நகருமாமே என்று வீட்டில் யாரிடமாவது சொல்ல இப்போதே வாய் துறுதுறுக்கிறதே? சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். எதற்கும் முதலில் எழுந்துபோய் அந்த ஃபேனைப் போட்டுவிட்டு வாருங்கள்.