வருகையைக் கெடுத்த சந்திரவல்லி

பாரத தேசத்தில் தீண்டாமையைச் சட்டம் போட்டு ஒழித்தவர்கள் உண்டு, மேடை போட்டு ஒழித்தவர்கள் உண்டு. ஆற்றில் முழுக்குப் போட்டு ஒழித்த பெருமை போடிநாயக்கனூரின் ஓர் ஆரம்பப் பள்ளிக்கே உரியது. அந்தப் பெருமையைத் தோளில் சுமந்தவர் அதன் தலைமையாசிரியரும் ஒரே ஆசிரியருமான வீரையா வாத்தியார்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. சேரிப் பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் மானியம் நின்றுவிடும் என்று மேலேயிருந்து தாக்கீது வந்தது. பள்ளி நிர்வாகி ஜக்கையனுக்குப் போடிமெட்டில் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. அங்கே காயெடுக்கும் கருப்பம்மாள் இதைக் கேள்விப்பட்டு, மகள் சந்திரவல்லியைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எம்மகளைச் சேத்துக்கங்க மொதலாளி. நாலெழுத்துப் படிக்கலைனா அவளும் என் பின்னாடி மலையேறிக் காயெடுக்கத்தான் வரணும்."

பள்ளிக் கமிட்டி அவசரமாகக் கூடியது. கருப்பம்மாள் பறித்த ஏலக்காயைத் தட்டிப் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே, அவள் மகள் உட்கார்ந்த பலகையில் மற்றப் பிள்ளைகள் எப்படி உட்காருவது என்று அங்கத்தினர்கள் மிகவும் வருந்தினார்கள். தனியாக வெளியே உட்கார வைக்கவும் வழியில்லை. இன்ஸ்பெக்டர் எந்த நேரமும் வந்து நிற்பார். கடைசியில் ஜக்கையன்தான் ஒளி காட்டினார். சேர்க்கச் சொல்லிச் சர்க்கார் உத்தரவு இருக்கிறது. குளிக்கக் கூடாது என்று உத்தரவு இல்லை. ஆகவே அவளைச் சேர்ப்பது. அவள் மேல் பட்ட பிள்ளை உடனே கொட்டகுடி ஆற்றில் முழுகிவிட்டு வீட்டுக்குப் போவது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வீரையா வாத்தியார் அதை வகுப்பில் தேசிய கீதம் பாடும் முகத்தோடு வாசித்தார்.

முதல் நாள் ஜக்கையனின் மகன் காசிராஜன் பல்பம் எடுக்கக் குனிந்தபோது அவன் முழங்கை சந்திரவல்லி மேல் பட்டுவிட்டது. அவனை ஆற்றுக்கு அனுப்பினார்கள். நல்ல வெயில். பையன் சாயங்காலம் வரை தண்ணீரில் கிடந்துவிட்டு, கண் சிவக்கச் சிவக்க வீடு திரும்பினான். மறுநாள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் நேரம் வந்ததும் அவன் எழுந்துபோய், ஒற்றை விரலால் சந்திரவல்லியின் தோளைத் தொட்டான்.

"பட்டுருச்சு சார்."

வாத்தியார் என்ன செய்வார்? தீர்மானம் தீர்மானம்தான். அதற்கடுத்த நாள் பாதி வகுப்புக்குப் பட்டுவிட்டது. வாரக் கடைசியில் மற்ற வகுப்புப் பிள்ளைகளும் மணி அடித்ததும் வந்து தொட்டுவிட்டு ஓடினார்கள். சமத்துவம் இவ்வளவு வேகமாகப் பரவியதை அந்த வட்டாரம் அதற்கு முன் கண்டதில்லை. ஒரே பிள்ளையைத் தொட இத்தனை சாதிப் பிள்ளைகள் முண்டியடித்தால் கண் கலங்காதா? வாத்தியாருக்குக் கலங்கியது.

சந்திரவல்லிக்குத்தான் பொறுமை போயிற்று. இவர்கள் தொட்டு முடிப்பதற்குள் பாதி நேரம் வீணாகிறதே என்று வாசலிலேயே வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"வெரசாத் தொட்டுட்டுப் போங்க. சாரு கணக்கு நடத்தணும்."

இப்படியாகப் பள்ளியில் ஒரு வாத்தியாரும் ஒரு மாணவியும் மிஞ்சினார்கள். வாத்தியாருக்கு வேறு சோலி இல்லாததால் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. அவர் உத்தியோகத்துக்கு வந்த நாளிலிருந்து எந்தப் பிள்ளையும் அவரைத் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை. இவள் கேட்டாள். பின்னக் கணக்குக்கு வந்துவிட்டாள். புத்தகத்தைத் தடுமாறாமல் வாசித்தாள். வீரையா வாத்தியார் காலையில் சீக்கிரமாகவே கிளம்ப ஆரம்பித்தார். தான் ஒருவேளை நல்ல வாத்தியாரோ என்று அவருக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது. ஒருநாள் அவளுடைய 'ழ'வின் சுழியைத் திருத்தும்போது, மறந்துபோய் அவள் கையைப் பிடித்தே எழுத வைத்துவிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காத தீட்டு ஒட்டாது என்ற சாஸ்திரப்படி அவர் குளிக்கவில்லை.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் வந்தார். பள்ளி முழுக்கப் பலகை கிடந்தது. பிள்ளை ஒன்றுதான் இருந்தது. மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். சுகாதாரப் பயிற்சிக்குப் போயிருப்பதாக வாத்தியார் சொன்னார்.

"இல்லைங்கய்யா, என்னயத் தொட்டுட்டு ஆத்துக்குப் போயிட்டாக" என்றாள் சந்திரவல்லி.

இன்ஸ்பெக்டர் அவளை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். மனம் குளிர்ந்துபோய், முதுகில் தட்டிக்கொடுக்கக் கையை நீட்டினார். பாதியில் பஸ்சு ஞாபகம் வந்தது. ஆற்றுக்குப் போய்விட்டு வர நேரம் இருக்காது. நீட்டிய கையால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வருகை இந்த லட்சணத்தில் இருந்தால் மானியம் கிடையாது, அடுத்த தடவைக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்யவும் என்று சொல்லிவிட்டு பஸ்சைப் பிடித்தார்.

கமிட்டி மறுபடி கூடியது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு டீக்கு மேல் தேவைப்படவில்லை. அந்தப் பள்ளியில் ஒருநாளும் தவறாமல் வந்த ஒரே பிள்ளை சந்திரவல்லி. அவள் வருவதால்தானே மற்றவர்கள் வருவதில்லை? ஒருத்தியின் படிப்புக்காக ஊர்ப் பிள்ளைகளின் படிப்பைப் பாழாக்குவது சமத்துவம் ஆகுமா? ஆகாது என்று முடிவாகி, கருப்பம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அவள் எல்லாவற்றையும் நின்றபடி கேட்டாள்.

"தொட்டது உங்க புள்ளைக. ஓடுனதும் உங்க புள்ளைக. எம்புள்ள இருந்த எடத்துலதான மொதலாளி இருந்தா." பிறகு வீரையா பக்கம் திரும்பினாள். "வாத்தியாரய்யா, அவ படிக்கிறாளா இல்லையா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டிய வார்த்தை அவர் நாக்கு வரைக்கும் வந்தது. ஜக்கையன் லேசாகக் கனைத்தார்.

"கமிட்டி சொல்றதுதான் கருப்பம்மா" என்றார் வாத்தியார்.

மறுநாள் விடியுமுன் சந்திரவல்லி இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு தாயின் பின்னால் மலையேறினாள். ஜக்கையனின் தோட்டத்துக்குக் காயெடுக்க ஒரு கை கூடிற்று.

தொடுவதற்கு ஆள் இல்லாமல் போகவே, பிள்ளைகள் அழாக்குறையாகப் பலகைக்குத் திரும்பினார்கள். அடுத்த தடவை இன்ஸ்பெக்டர் வந்தபோது வருகை நூற்றுக்கு நூறு. வாசிக்கச் சொன்னார், யாருக்கும் வரவில்லை. அது கிடக்கட்டும். தாக்கீதுப்படி சேரிப் பிள்ளை உண்டா, போன தடவை வாசித்த பெண் எங்கே என்று கேட்டார். சேர்த்தோம், அவர்களுக்குத்தான் படிப்பில் நாட்டமில்லை என்றார் ஜக்கையன். இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டு, மானியத்துக்குச் சிபாரிசு செய்து, தீண்டாமை அறவே ஒழிந்த பள்ளி என்று பாராட்டிப் பேசினார். வீரையா வாத்தியாருக்கு மாலை போட்டார்கள்.

பாராட்டில் ஒரு வார்த்தை பொய்யில்லை. தொடக்கூடாத பிள்ளை ஒன்றுகூட அங்கே இல்லாமல் போயிருந்தது. வீரையா வாத்தியார் கல் எறியவில்லை, கதவைச் சாத்தவில்லை, அந்த ஒரு வார்த்தையை விழுங்கினார், அவ்வளவுதான்.