வெள்ளிக்கிழமை சாகாத கோழிகள்

நாமக்கல்லைச் சுற்றி இத்தனை கோழிப்பண்ணை இருக்கிறதே, அத்தனையிலும் கூண்டு கூண்டாகத் தேடினாலும் ஹெட்செட்டுக்காரரைப் போல ஓர் ஆள் கிடைக்கமாட்டார். சாகப்போகும் கோழி அவரிடம் சொல்லிவிட்டுத்தான் சாகும் என்று எங்கள் பண்ணையில் இன்றைக்கும் பேச்சு. நான் அதை நம்புகிறவள் இல்லை. பொய் என்று சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணமாட்டேன்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் கூப்பிட்டதில்லை. இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி காதில் எந்நேரமும் ஹெட்செட் இருக்கும். சாப்பிடும்போதும் இருக்கும். குளிக்கும்போது கழற்றுவாரா என்று ஷெட்டில் வேலை செய்யும் பெண்களுக்குள் பந்தயமே நடந்தது.

அவரைக் கூட்டிவந்தது என் மகன். இருநூறு கோழியில் நான் ஆரம்பித்த பண்ணை, இப்போது நாலு ஷெட்டு. தீவன மில்லில் ஒரு கம்ப்யூட்டர், முட்டை லோடு அனுப்பும் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர், ஷெட்டு வாசலில் சாவும் முட்டையும் எழுதித் தொங்கும் அட்டை. ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. இந்த விவரங்களை எல்லாம் எப்படி வைத்தால் நல்லது என்று பார்த்துச் சொல்லத்தான் அவர் வந்தார். வந்த அன்றே என் எதிரில் உட்கார்ந்து விளக்கினார். என்னிடம் விளக்காமல் இந்தப் பண்ணையில் ஓர் ஆணி அடிக்க முடியாது.

“மூணு வழி இருக்குதுங்கம்மா. மொதல் வழி கிடங்கு. உங்க முட்டை ரூம் மாதிரி. ஒடஞ்சது தனி, சின்னது தனி, பெருசு தனின்னு பிரிச்சு முட்டை அட்டையில அடுக்கினாத்தான் உள்ள போகும். தேடினா ஒடனே கிடைக்கும். ஆனா அட்டையில குழி இல்லாத சாமான் உள்ள வராது.”

“ரெண்டாவது?”

“ஏரி. தண்ணி, செத்தை, மீனு, வர்றதெல்லாம் வரட்டும்னு விட்டுரணும். எது எதுக்கு ஆகும்னு அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்பறம் பாக்கறது ஆருங்க?”

“நான்தாங்க.”

“அப்ப நீங்க ஏரிக்கரையிலயே குடியிருக்கோணும், தம்பி. மூணாவது என்னுங்க?”

“அவங்கவங்க ஷெட்டு விவரத்துக்கு அவங்கவங்களே பொறுப்பு. ஆனா எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். யாரு கேட்டாலும் ஒளிக்கக் கூடாது.”

“அது நடக்காதுங்க. மாமியாளும் மருமகளும் இருக்கற ஊட்டுலயே நடக்காது.”

அவருக்கு ஏரிதான் பிடித்தது. நாலு ஷெட்டிலும் மைக் கட்டினார். சூடு, ஈரம், தண்ணீர், தீவனம், முட்டை, கேமரா, கோழிகளின் சத்தம், பெண்கள் ஒருவரை ஒருவர் ஏசுவது வரைக்கும் ஏரியில் விழுந்தது. மத்தியானத்தில் மற்றவர்கள் கண்ணயரும்போது இவர் சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் திடீரென்று சொன்னார்: “மூணாம் ஷெட்டுல தினமும் ஒரே நேரத்துக்கு எல்லாக் கோழியும் ஒண்ணா வாயை மூடுதுங்க. பத்து எண்ணுற வரைக்கும். அப்புறம் ஒண்ணா ஆரம்பிக்குது. யாரோ உள்ள வந்துட்டுப் போற மாதிரி.”

மூன்றாம் ஷெட்டைப் பார்ப்பவள் பாப்பாத்தி. மறுநாளே அவருடைய கம்ப்யூட்டரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டாள். அவர் அதை அவிழ்க்கவில்லை. பழம் காய்ந்ததும் “மாத்தலீங்களா?” என்று அவரே கேட்டாராம்.

அப்புறம்தான் வெள்ளிக்கிழமையைக் கண்டுபிடித்தார். வெளுத்த முகத்தோடு என் வீட்டுக்கு வந்து நின்றார்.

“அம்மா, உங்க பண்ணையில வெள்ளிக்கிழமை ஒரு கோழியும் சாகலைங்க. ஒரு வாரம்கூட இல்ல. நாலு ஷெட்டுலயும்.”

என் மகன் சிரித்தான். “வெள்ளிக்கெழம கோழிக்கு லீவுங்க.”

“சிரிக்காதீங்க சார். சனிக்கிழமை ரெண்டு மடங்கு சாகுது. நேத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே ஒரு வரிசையை எண்ணினேன். ஏழு கோழி குறையுது. கம்ப்யூட்டர்ல ஏழும் உசுரோட இருக்குது. இன்னிக்குக் காலையில ஏழும் செத்துப்போச்சுன்னு வருது. அந்த ஒரு ராத்திரி அதுங்க எங்க இருந்துச்சுங்கம்மா?”

பதில் எனக்குத் தெரியும். நான் ஆரம்பித்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, செத்த ஏழெட்டுக் கோழிகளுக்குச் சுவரில் கரிக்கோடு போட்டேன். மறுநாள் விடியும்போது இருநூறில் ஒன்றும் இல்லை. அதிலிருந்து வெள்ளிக்கிழமை சாவை எழுதவும் கூடாது, வாயால் சொல்லவும் கூடாது. பேசாமல் குழியில் போட்டுவிட்டுச் சனிக்கிழமை எழுத வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். ஷெட்டுப் பெண்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஆபீசிலேயே இருக்கும் என் மகனுக்கும் தெரியாது. “அது அப்படித்தான் தம்பி, காப்பி குடிங்க” என்று முடித்துவிட்டேன். நான் வைத்த சட்டத்துக்கு நான் யாரிடமும் காரணம் சொன்னதில்லை.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல உச்சி வெயில். அவர் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

“மூணாம் ஷெட்டு பேசலைங்கம்மா.”

“பத்து எண்ணுங்க. பேசும்.”

“ஆயிரம் எண்ணிட்டேங்க.”

போனேன். எட்டாயிரம் கோழி இருக்கும் ஷெட்டில் என் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. அத்தனையும் வாயைப் பிளந்து, இறக்கையைத் தொங்கவிட்டு, எங்களையே பார்த்தபடி நின்றன. ஒன்றிடமிருந்தும் சத்தமில்லை. இத்தனை வருசத்தில் கோழிகள் அந்த மாதிரி நின்று நான் பார்த்ததில்லை. உள்ளே இன்னும் யாரோ இருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

அவர் போனைப் பார்த்தார். “தீவனம் சரி. காலையில முட்டை சரி. தண்ணி மீட்டர் ஓடுது. சாவு, சுழி. எல்லாம் சரியா இருக்குதுங்க.” பாப்பாத்தி பக்கம் திரும்பினார். “அக்கா, காலையிலிருந்து எத்தனை போச்சு?”

பாப்பாத்தி முந்தானையைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“சொல்லுங்கக்கா. ஒண்ணு ரெண்டுன்னா வெறும் வெயிலு. நெறய்ய போயிருந்தா வேற. எனக்குச் சத்தம்தான் தெரியும். உங்களுக்குத்தான் கோழியைத் தெரியும்.”

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் வாயைக் கட்டி வைத்திருப்பவள் நான். சொன்னால் நாளைக்கு ஷெட்டே இருக்காது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான். சொல்லாவிட்டால் இன்று பொழுது சாய்வதற்குள்ளேயே இருக்காது. ஊரில் ஒருத்தர் முன்னாலும் நான் சொன்ன சொல்லை மாற்றியதில்லை.

“சொல்லு கண்ணு. பாவம் எம்மேல.”

“முப்பத்தொண்ணுங்காத்தா” என்றாள். “அம்புட்டும் கடசீ வரிசைங்க. வெள்ளென பதினொண்ணு. அப்பறம்…”

அவள் முடிப்பதற்குள் அவர் ஓடிவிட்டார். கடைசி வரிசைக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய் ஷெட்டுக்குள் நுழைகிற இடத்தில் இணைப்பு கழன்று, அவ்வளவும் பள்ளத்தில் போய்க்கொண்டிருந்தது. போகிற தண்ணீரைத்தான் மீட்டர் ஓடுது ஓடுது என்று காட்டியிருக்கிறது. அவர் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். குழாய் பிட்டர் வந்து சேரும்வரை அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஏறியது. முதலில் ஒரு கோழி கொக்கரித்தது. அப்புறம் ஒன்று. பிறகு ஷெட்டே இரைந்தது. அவர் காதில் ஹெட்செட் இல்லாததை அப்போதுதான் கவனித்தேன். எங்கே விழுந்ததென்று அவருக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை முழுக்க நான் ஷெட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சேதம் அதற்குமேல் போகவில்லை.

என் மகனிடம் அவர் கொடுத்த முடிவு ஏரியும் இல்லை, கிடங்கும் இல்லை. மூன்றாவது வழி. ஷெட்டு விவரத்துக்கு ஷெட்டுக்காரிதான் சொந்தக்காரி. அன்றன்றைக்கே எழுத வேண்டும். எதையாவது எழுதவில்லை என்றால், ஏன் எழுதவில்லை என்பதையும் எழுத வேண்டும். மில்லும் ஆபீசும் அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பாப்பாத்திக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்ததோடு அவருக்கு இங்கே வேலை முடிந்தது. ஏரியை வைத்திருந்தால் வருசக்கணக்கில் கரையில் உட்கார்ந்திருக்கலாம். அது தெரிந்தே எழுதிக் கொடுத்தார்.

அவர் கிளம்பின நாள் வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது. “போயிட்டு வாரேன்னு சொல்லுங்க, சாமி” என்றேன். சொன்னார். நான் யாரையும் வாசல் தாண்டி வழியனுப்பினவள் இல்லை. அன்றைக்குப் பரமத்தி ரோடு வரைக்கும் கூடவே நடந்தேன். எப்போதும் அரை மணி நேரம் காக்க வைக்கிற பஸ், அன்றைக்குப் பார்த்து உடனே வந்துவிட்டது.